காரைக்குடியில் மக்கரோன்: 35 ரூபாயா, 75 ரூபாயா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அப்பா அம்மாவுக்கு வைகாசிக் கடைசியில் காரைக்குடியில் சாந்தி கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். 400 பேர் வருகிறார்கள். தாம்பூலப் பையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் இரண்டு மக்கரோன் வைக்க வேண்டும் என்று தங்கை ஆசைப்படுகிறாள். ஒரு பேக்கரியில் ஒன்று 35 ரூபாய் சொல்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்து தருகிற ஒருவர் 75 சொல்கிறார். 800 எண்ணத்துக்கு 32,000 ரூபாய் வித்தியாசம். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. எது நியாயமான விலை, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சென்னையில் பதினொரு வருடம் பேஸ்ட்ரி வேலை பார்த்துவிட்டு இப்போது தேவகோட்டையில் வீட்டிலிருந்து ஆர்டர் எடுக்கிறேன். நீங்கள் சொல்கிற இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. அதனால் ஆளை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் பக்கம் ‘மக்ரூன்’ என்றால் தூத்துக்குடி மக்ரூன்தான் நினைவுக்கு வரும். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மூன்றும் சேர்ந்து கூம்பு மாதிரி நிற்கும், வாயில் போட்டால் கரையும். நீங்கள் கேட்பது பிரெஞ்சு மக்கரோன். பாதாம் மாவில் செய்த இரண்டு வட்ட ஓடுகள், நடுவில் ஃபில்லிங். வெள்ளைக்கருவை அடித்து, முந்திரியோ பாதாமோ பொடித்துச் சேர்த்துச் சுடுகிற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டு ஓட்டை ஒட்டவைக்கிற பழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் வந்தது. சில கடைக்காரர்களே இரண்டையும் ஒரே பெயரில் சொல்கிறார்கள். அதனால் ஆர்டர் கொடுக்கும்போது எது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தரத்துக்கு வருவோம். படத்தைப் பார்த்து மக்கரோன் வாங்கவே கூடாது. மேலே வழவழப்பாக, நிறமாக இருப்பது பாதி விஷயம்கூட இல்லை. எங்கள் அப்பத்தா வெள்ளைப் பணியாரம் ஊற்றும்போது முதல் பணியாரத்தை எடுத்ததும் கையால் பிய்த்துப் பார்ப்பார்கள். ஓரம் முறுகலாக, நடு மெத்தென்று, நிறம் வெள்ளை மாறாமல் இருந்தால்தான் அடுத்த கரண்டி மாவு எண்ணெயில் விழும். பச்சரிசி ஒரு டம்ளர், அதன் மேல் உளுந்து கோபுரமாக என்கிற அளவில் கொஞ்சம் பிசகினாலும் பிய்க்கும்போது தெரிந்துவிடும். மக்கரோனுக்கும் இதே பரீட்சைதான். ஒன்றை உடையுங்கள்.

இரண்டு பேரிடமும் ஆறு ஆறு வாங்குங்கள். ‘இன்று காலை செய்தது’ வேண்டாம், நேற்றுச் செய்ததைக் கேளுங்கள். இதைச் சொன்னால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. மக்கரோனைச் சுட்டு, ஃபில்லிங் வைத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்க வேண்டும். ஃபில்லிங்கில் உள்ள ஈரம் மெல்ல ஓட்டுக்குள் ஏறி உள்பக்கத்தை இளக்கும். அப்போதுதான் அந்தப் பதம் வரும். அன்றே செய்தது ஓடு தனியாக, கிரீம் தனியாக நிற்கும், கடித்தால் கிரீம் பிதுங்கி வெளியே வரும். சூடாக வேண்டும் என்று கேட்கிற பொருள் இது இல்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பெட்டியைத் திறக்காமல் இருபது நிமிடம் வெளியே வையுங்கள். உடனே திறந்தால் நம் ஊர் காற்றிலுள்ள ஈரம் ஓட்டின் மேல் வியர்த்து, பிசுபிசுவென்று ஆகிவிடும். அதைப் பார்த்துவிட்டுச் செய்தவரைக் குறை சொல்லக் கூடாது.

இப்போது ஒன்றைக் கையில் எடுங்கள். ஓட்டின் மேல்பக்கத்தை விரலால் தடவுங்கள். நம் பழைய வீட்டுச் சுவர் ஞாபகம் வரும். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த பூச்சு எப்படிக் கையில் வழுக்கிக்கொண்டு போகும், அந்த வழவழப்பு இருக்க வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் பாதாம் மாவைச் சரியாகச் சலிக்கவில்லை. எண்ணெய்த் திட்டுகள் தெரிந்தால் பாதாமை மிக்ஸியில் அளவுக்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் மாவு பழையது. விரிசல் விட்டிருந்தால் ஓடு மேலே காய்ந்து தோல் கட்டும் முன்பே ஓவனில் போயிருக்கிறது.

அடிப்பக்க ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழாக ஒரு விளிம்பு இருக்கும். அதைப் பாதம் என்பார்கள். மேல்தோல் காய்ந்துவிட்டதால் உள்ளே எழும் ஆவி மேலே போக வழியில்லாமல் அடியைத் தூக்கி நிறுத்துகிறது, அதுதான் பாதம். சுற்றிலும் ஒரே உயரமாக, நேராக இருக்க வேண்டும். பாவாடை மாதிரி வெளியே பரவியிருந்தால் மாவை அதிகமாகக் கலக்கியிருக்கிறார்கள் அல்லது சூடு அதிகம். பாதமே இல்லையென்றால் அதை நான் மக்கரோன் என்று விற்கமாட்டேன்.

அடுத்து, இரண்டாக உடையுங்கள். கத்தி வேண்டாம், கை போதும். மேலோடு முட்டை ஓடு மாதிரி மெல்லிசாக ‘கிரிச்’ என்று உடைந்து, உள்ளே ஈரப்பதமாக, லேசாக இழுக்கிற பஞ்சு தெரிய வேண்டும். மேலோட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருந்தால் அது ‘ஹாலோ’. வெள்ளைக்கருவை அளவுக்கு மேல் அடித்தாலும் வரும், ஓவன் சூடு சரியில்லாவிட்டாலும் வரும். ஆறில் ஒன்று அப்படி இருந்தால் மன்னிக்கலாம், என் தட்டிலும் அப்படி ஒன்றிரண்டு வரும். ஆறில் நான்கு அப்படி இருந்தால் நீங்கள் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். உடைத்ததும் பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தால் அதிக நேரம் வெந்திருக்கிறது, இல்லையென்றால் மைதா சேர்ந்திருக்கிறது. மூக்கருகில் வைத்துப் பாருங்கள், நிலக்கடலை வாசம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாதாமுக்குப் பதில் நிலக்கடலை போடுவது விலைக்காகச் செய்கிற காரியம். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் தெரியாமல் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. முந்திரி போடுகிறவர்களும் உண்டு. சொல்லிவிட்டுச் செய்தால் தப்பில்லை, ஓடு கொஞ்சம் மென்மையாக வரும், விலையிலும் பெரிய லாபம் கிடையாது.

கடைசியாகச் சாப்பிடுங்கள். ஓட்டின் கலவையில் சர்க்கரை மட்டும் பாதி எடை. ஆகவே ஓடு தித்திக்கத்தான் செய்யும். அதைச் சமன் செய்வது ஃபில்லிங்கின் வேலை. எலுமிச்சையின் புளிப்பு, டார்க் சாக்லேட்டின் கசப்பு, டிகாஷனின் கசப்பு, கொஞ்சம் உப்பு, இதில் ஏதாவது ஒன்று உள்ளே இருக்க வேண்டும். ஆறு நிறத்தில் ஆறு மக்கரோன் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு, எது எது என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். சென்னையில் ஒரு பெரிய கடையில் 90 ரூபாய் கொடுத்து ‘பிஸ்தா’ வாங்கினேன். பச்சை நிறமும் பாதாம் எசென்ஸும்தான் இருந்தன, பிஸ்தா துளியும் இல்லை. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்த விலை கொடுக்கிறவர் பிஸ்தாவுக்குத்தான் கொடுக்கிறார்.

விழுங்கிய பிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். ஒட்டினால் காம்பவுண்ட் சாக்லேட்டோ, பால் இல்லாத விப்பிங் கிரீமோ போட்டிருக்கிறார்கள். காம்பவுண்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், அசல் சாக்லேட்டைவிட விலை மிகவும் குறைவு. கொக்கோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும், அதனால் அசல் சாக்லேட் வாயில் தங்காது.

இனி விலை. என் கணக்கை அப்படியே எழுதுகிறேன். ஒரு ஈடுக்கு மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, அதாவது 100 கிராம். பாதாம் மாவு 130, ஐசிங் சுகர் 130, சர்க்கரை 100. மொத்தம் 460 கிராம். ஓட்டுக்கு 7 கிராம் வீதம் பிழிந்தால், பாத்திரத்தில் ஒட்டியது போக, ஏறத்தாழ 60 ஓடு. அதில் ஆறு கழித்துவிடுவேன், கோணல், விரிசல் என்று. மீதி 54 ஓட்டில் 27 மக்கரோன். பாதாம் மாவு நான் வாங்குகிற விலையில் கிலோ 1,100 ரூபாய், ஆக 143. முட்டை 21. இரண்டு சர்க்கரையும் சேர்த்து 20. உள்ளே ஒன்றுக்கு 8 கிராம் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த ஃபில்லிங்) என்றால் நல்ல சாக்லேட் 110 கிராம், பால் கிரீம் 100 மில்லி, இரண்டும் 170 ரூபாய் ஆகிவிடும். 2024-ல் உலகச் சந்தையில் கொக்கோ டன் 10,000 டாலரைத் தாண்டியபோது சாக்லேட் விலை ஏறி, எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் திணறிப்போனோம். ஆக மொத்தம் 354 ரூபாய், ஒன்றுக்குப் பொருள் செலவு 13.

‘பொருள் 13 ரூபாய், விலை 75-ஆ’ என்று கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள். சலிப்பது, அடிப்பது, பிழிவது, தோல் கட்டும்வரை காயவைப்பது, சுடுவது, ஆறவிட்டு ஜோடி பார்த்துச் சேர்ப்பது, ஃபில்லிங், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு ஈடுக்கு என் கை மூன்று மணி நேரம் வேலை செய்கிறது. மணிக்கு 150 ரூபாய் வைத்தால்கூட ஒன்றுக்கு 16, 17 வருகிறது. கரண்ட், ஏசி, பேப்பர், பெட்டிக்கு 7. கூட்டினால் 37. அதன் மேல் செய்கிறவர் பிழைக்க ஏதாவது வேண்டும். பெரிய ஆர்டரில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஈடு போடலாம், கைவேலை கொஞ்சம் குறையும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் காரைக்குடியில், 4 சென்டிமீட்டர் அளவில், அசல் சாக்லேட்டும் பாதாமும் போட்ட மக்கரோனுக்கு 45 முதல் 60 ரூபாய் நியாயம் என்பது என் கருத்து. 75 கொடுப்பதென்றால் உள்ளே நிஜப் பிஸ்தா அரைத்ததோ, நல்ல பழமோ இருக்க வேண்டும். 35-க்கு முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். சின்ன அளவில், வெறும் பட்டர் கிரீம் வைத்து, நிறைய எண்ணிக்கையில் செய்தால் முடியும். ஆனால் சாக்லேட் கனாஷ் என்று சொல்லி 35 என்றால் எந்த சாக்லேட் என்று கேளுங்கள், பாக்கெட்டைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

எண்ணிக்கைக்கு விலை சொல்லும்போது எடையையும் கேட்க வேண்டும். வீட்டுச் சமையல் தராசில் ஒன்றை வையுங்கள். 3.5 சென்டிமீட்டர் மக்கரோனும் 5 சென்டிமீட்டர் மக்கரோனும் ஒரு தட்டில் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. எடையில் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். பில்லில் ஜிஎஸ்டி சேர்த்துத்தானா என்பதும் முக்கியம். கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கு 18 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆக்கிவிட்டார்கள்.

இன்னொன்று, நீங்கள் ஆர்டர் கொடுக்கிறவரால் 800 செய்ய முடியுமா? 800 என்றால் 1,600 ஓடு. வீட்டு ஓவன் தட்டில் 25, 30 ஓடுதான் பிழியலாம். ஏறத்தாழ 60 தட்டு. ஒரு தட்டுக்குக் கால் மணி நேரம், ஒரே சமயத்தில் ஒரு தட்டு என்றால் ஓவன் மட்டுமே 15 மணி நேரம் ஓட வேண்டும். ‘முந்தின நாள் சொன்னால் போதும்’ என்கிறவர் வெளியிலிருந்து ரெடிமேட் ஓடு வாங்கி ஒட்டுகிறார் என்று அர்த்தம். ‘பத்து நாள் முன்பே ஆரம்பித்து ஃப்ரீஸரில் வைப்பேன்’ என்கிறவரை நம்பலாம். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீஸ் செய்தால் ஒரு மாதம் வரை மக்கரோன் நன்றாகவே இருக்கும், பெரிய கடைகளும் அப்படித்தான் செய்கின்றன.

நான் தேவகோட்டைக்கு வந்த புதிதில் ஐப்பசி மழையில் 200 மக்கரோனுக்கு ஆர்டர் எடுத்தேன். சென்னையில் ஏசி அறையில் அரை மணி நேரத்தில் கட்டுகிற தோல், இங்கே முற்றத்து ஓரத்து அறையில் இரண்டு மணி நேரமாகியும் கட்டவில்லை. விரல் வைத்தால் மாவு ஒட்டிக்கொண்டே வந்தது. நேரமாகிறதே என்று ஓவனில் தள்ளினேன், நான்கு தட்டும் நடுவில் பிளந்துவிட்டன. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மழைக்காலத்தில் ஏசி போடாமல் மாவு கலப்பதில்லை. நீங்கள் ஆர்டர் கொடுக்கப்போகிறவரிடம் ‘எந்த அறையில் காயவைக்கிறீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் சொல்கிறவருக்கு வேலை தெரியும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மக்கரோனில் முட்டை உண்டு. சாந்தி கல்யாணம், சைவப் பந்தி, பெரியவர்கள் வருவார்கள். தாம்பூலப் பையில் அது இருந்தால் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மனம் நொந்துபோவார்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி முட்டை சேர்ந்த பண்டத்துக்குப் பழுப்புக் குறிதான், பச்சைப் புள்ளி போடக்கூடாது. முட்டையில்லாத மக்கரோனும் உண்டு. கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்க அடித்துச் செய்வார்கள். நம்ப முடியாத மாதிரி இருக்கும், ஆனால் பாதம் கட்டி அழகாக வரும். கழிவு அதிகம் என்பதால் விலையும் கூடும். செய்து பழகியவராக இருக்க வேண்டும், உங்கள் ஆர்டரில் பழகக் கூடாது. பெட்டியில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அப்புறம் வெயில். வைகாசியில் காரைக்குடி மதியம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும். பையை வாங்கிக்கொண்டு காரில் மதுரைக்கோ திருச்சிக்கோ இரண்டு மணி நேரம் போகிறவர்கள் வீட்டில் திறந்து பார்த்தால் ஓடு ஒரு பக்கம், கிரீம் ஒரு பக்கம் கிடக்கும். கிரீம் சேர்ந்த பண்டம் அந்தச் சூட்டில் அவ்வளவு நேரம் கிடப்பது வயிற்றுக்கும் ஆகாது. 35 ரூபாய் மக்கரோனும் 75 ரூபாய் மக்கரோனும் அந்தக் காருக்குள் ஒரே கதிதான்.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் மக்கரோனைப் பையில் வைக்கவே மாட்டேன். மண்டபத்திலேயே, ‘முட்டை சேர்ந்தது’ என்று அட்டை எழுதித் தனி மேசையில் வைப்பேன். அப்படி வைத்தால் எல்லோரும் எடுப்பதில்லை, தலைக்கு ஒன்று என்று 400 தாராளம். 55 ரூபாய்க்கு நல்லதாகவே வாங்கினாலும் 22,000. நீங்கள் 35-க்கு 800 வாங்க நினைத்த 28,000-த்தைவிடக் குறைவு. பையில் வைக்க மாவுருண்டை, சீப்புச் சீடை இருக்கின்றன. அவை வெயிலையும் தாங்கும், எல்லோரும் சாப்பிடலாம். தங்கைக்கு மக்கரோன் வடிவம்தான் பிடித்திருக்கிறது என்றால், மேசைக்கு இரண்டே நிறம் சொல்லச் சொல்லுங்கள். ஒன்று டார்க் சாக்லேட், இன்னொன்று எலுமிச்சை. கருப்பட்டி போட்டு டிகாஷன் கனாஷ் வைத்துத் தர முடியுமா என்றும் கேளுங்கள். நான் இங்கே அதிகம் செய்வது அதுதான், வெளிநாட்டுப் பண்டம் என்று ஒதுங்கி நிற்கிற பெரியவர்களும் இரண்டாவது எடுக்கிறார்கள்.

மண்டபத்தில் ஏசி அறையும் ஃபிரிட்ஜும் கிடைக்குமா என்பதை இந்த வாரமே கேட்டு வையுங்கள். பந்தி தொடங்கும் நேரத்தில் பெட்டிகளை மூடியபடியே ஃபிரிட்ஜிலிருந்து ஏசி அறைக்கு மாற்றி, முதல் பந்தி இலை எடுக்கும்போது மேசைக்குக் கொண்டுவாருங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் அடுக்காமல், ஐம்பது ஐம்பதாக எடுத்து வைக்க ஒரு பையனை நிறுத்தினால் போதும்.